மண்டலம் இருந்த பற்றரி

இராஜநாயகம் சிகரெட்டை விட்டுவிட்டார்.

விட்டது ஏதோ குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் அல்ல. பெல்லெக்ரீனோ மலைக்கு வெறுங்காலோடு ஏறிப்போய், இத்தாலியின் பலேர்மோ நகரைக் காக்கிற சாந்தா ரொசாலியாவின் குகைக் கோயிலுக்குள் நின்று, அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்து விட்டார். பக்கத்தில் மனைவி குகனேஸ்வரி மேற்பார்வைக்கு நின்றாள். பலேர்மோவில் இருக்கிற யாழ்ப்பாணத்துச் சைவக்காரருக்கு ரொசாலியா அம்மா வேற்றாள் இல்லை. மலையில் இருக்கிற சாமி எப்படி எங்களுக்கு அந்நியமாகும் என்பது அவர்களுடைய நியாயம்.

"சிகரெட் எண்ட சாமானைக் கையாலையும் தொடமாட்டன், வாயாலையும் தொடமாட்டன். இது சத்தியம்," என்றார் இராஜநாயகம்.

"சத்தமாச் சொல்லுங்கோ. குகைக்குள்ளை தண்ணி சொட்டுற சத்தத்திலை அம்மாவுக்குக் கேக்காது," என்றாள் குகனேஸ்வரி.

சத்தமாகச் சொன்னார். பின்னால் நின்ற இத்தாலியக் கிழவி ஒருத்தி, என்ன ஏதென்று விளங்காமலே சிலுவை போட்டுக்கொண்டாள்.

காரணம் தை மாதத்து இருமல். அந்த இருமலைக் கேட்டுக் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து, ஆள் இருக்கிறாரா போய்விட்டாரா என்று விசாரித்துவிட்டுப் போனார். அன்றைக்குக் குகனேஸ்வரி அழுதாள். அந்த வீட்டில் அழுகிற முறை வழக்கமாக இராஜநாயகத்துடையது. முறை மாறியதைக் கண்டதும் அவருக்கு உண்மையாகவே பயம் பிடித்துவிட்டது. அந்தப் பயத்தில்தான் மலை ஏறினார்.

பயம் சித்திரை வரைக்கும் நின்றது. அதற்குப் பிறகு ஆசை வந்து பயத்தின் கதிரையில் உட்கார்ந்துகொண்டது. இராஜநாயகம் ஏலக்காய் சப்பினார். கராம்பு சப்பினார். பெருஞ்சீரகம் சப்பினார். கறிக்குப் போட வீட்டில் வாசனைச் சாமான் ஒன்றும் மிஞ்சவில்லை. ஆனால் ஆசை மட்டும் அப்படியே மிஞ்சி நின்றது.

வீடு கபோ சந்தைக்கு மேலே, மூன்றாம் மாடியில். லிஃப்ட் இல்லை. இராஜநாயகத்துக்குத் துறைமுகத்தில் வேலை. நாப்போலியிலிருந்து காலையில் வருகிற கப்பலில் கட்டில் விரிப்பு மாற்றி, அறை துடைக்கிற வேலை. குகனேஸ்வரிக்கு லிபெர்த்தா வீதியில் ஒரு பணக்காரக் கிழவியைப் பார்க்கிற வேலை; கிழவியைச் சின்யோரா என்றுதான் கூப்பிடுவாள். பின்னேரம் வந்ததும் தேத்தண்ணிக் கோப்பையோடு இருந்து அவள் சின்யோராவின் கதையைத் தொடங்குவாள். சின்யோரா இன்றைக்கு யாரை ஏசினா, சின்யோராவின் மகள் கடையைப் பூட்டிப்போட்டு எத்தனை மணிக்கு வந்தா, வந்து என்ன சொன்னா. இராஜநாயகம் இடையிடையே "ஓம், ஓம்" போடுவார். ஆறு வருசப் பழக்கம். எந்த இடத்தில் ஓம் போடவேண்டும், எந்த இடத்தில் "சீ, அப்பிடியோ?" போடவேண்டும் என்று அவருடைய வாய்க்கு நன்றாகத் தெரியும். காதுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

இப்படி இருக்கிற நாளில்தான் ஃப்ரான்சுவா குழாயைக் காட்டினார்.

ஃப்ரான்சுவா மொறீசியஸ்காரர். அதே கப்பலில் அதே வேலை. பூட்டனார் தமிழர்தான், ஆனால் ஃப்ரான்சுவாவுக்குத் தெரிந்த தமிழ் "முருகா" ஒன்று மட்டும். மிச்சமெல்லாம் இத்தாலியன். ஒருநாள் இடைவேளையில் கயிறு கட்டுகிற தூணுக்குப் பக்கத்தில் நின்று, பித்தளையில் ஒரு குழாயை எடுத்து வாயில் வைத்து, ஒரு மேகத்தை விட்டார். இராஜநாயகம் அந்த மேகத்துக்குள் நின்று கண்ணை மூடினார். மாம்பழ வாசம்.

"சிகரெட் இல்லையே?" என்று கேட்டார்.

"இல்லை. நெருப்பு இல்லை, புகையிலை இல்லை, சாம்பல் இல்லை. பற்றரிச் சூட்டில் பழச்சாறு ஆவியாகிறது, அவ்வளவுதான்."

இராஜநாயகம் தான் செய்த சத்தியத்தை ஒருமுறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். சிகரெட் என்றுதான் சொல்லியிருந்தார். குழாயைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. தன்னுடைய புத்தியை நினைத்து அவருக்கே புல்லரித்தது.

ஃப்ரான்சுவாவிடம் இரண்டு குழாய் இருந்தது. ஒன்று இரண்டு பற்றரி போடுவது.

"இவை இரண்டும் கல்யாணம் கட்டின பற்றரி. ஒன்றாக வாங்கி, ஒன்றாகச் சார்ஜ் போட்டு, ஒன்றாகத்தான் பாவிக்கவேண்டும். ஒன்றைக் கழற்றிவிட்டு வேறொன்றைச் சேர்த்தால் ஆபத்து," என்றார் ஃப்ரான்சுவா.

"எனக்கு ஒற்றைப் பற்றரிக் குழாய் போதும். ஒரு வீட்டுக்கு ஒரு கல்யாணம் காணும்," என்றார் இராஜநாயகம்.

குழாய் கைமாறியது. கொடுக்கும்போது ஃப்ரான்சுவா முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டார்.

"ஒன்று சொல்கிறேன், கேள். கடையில் விற்கிற மற்றச் சாமானெல்லாம் உள்ளே ஒரு சின்ன மூளையோடு வரும். சூடேறினால் தானாக நிற்கும். இதில் மூளை இல்லை. பற்றரி, பொத்தான், கம்பிச்சுருள், அவ்வளவுதான். மூளை உன்னுடையதாக இருக்கவேண்டும்."

இராஜநாயகம் கொஞ்சம் கலங்கினார்.

"பற்றரி நல்லதென்றால் இது குழாய். பற்றரி கெட்டதென்றால் இது வெடிகுண்டு. அதை நீ வாயில் வைக்கிறாய்," என்று முடித்தார் ஃப்ரான்சுவா.

அன்று பின்னேரமே இராஜநாயகம் மகத்தான ஒரு முடிவெடுத்தார். சிசிலித் தீவில் எவனும் வைத்திராத பாதுகாப்பான பற்றரியைத் தேடிப் பிடித்த பிறகுதான் முதல் இழுப்பு. அதுவரைக்கும் குழாயை ஒளித்து வைக்கவேண்டும். குகனேஸ்வரி துழாவாத இடம் அந்த வீட்டில் ஏது? உடுப்பு அலுமாரி, மெத்தைக்குக் கீழ், சப்பாத்துக்குள், எல்லாம் பழைய சிகரெட் காலத்திலேயே பிடிபட்ட இடங்கள். யோசித்து யோசித்து ஒரு இடம் பிடித்தார். சாமித்தட்டு. பித்தளை விளக்கு, பித்தளைத் தட்டம், பித்தளை மணி, அதற்குள் ஒரு பித்தளைக் குழாய். எவர் கேட்கப்போகிறார்?

குகனேஸ்வரி கேட்டாள்.

"இஞ்சேருங்கோ, உதென்ன?"

"எது?"

"பிள்ளையாருக்குப் பக்கத்திலை நிக்கிற உது."

"ஓ, உதோ. ஊதுபத்தி குத்துறது. ஃப்ரான்சுவா தந்தவர். மொறீசியஸிலை உப்பிடித்தானாம்."

"உயரமாக் கிடக்கு."

"அங்கை ஊதுபத்தியும் நீளம்."

"நல்ல பாரமாயும் கிடக்கு."

"பக்தி கூடின சனம்."

குகனேஸ்வரி வெள்ளிக்கிழமை குழாய்க்குப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி, சந்தனப் பொட்டும் குங்குமமும் வைத்து, இரண்டு ஊதுபத்தியைக் கொளுத்திக் குத்தினாள். குழாயிலிருந்து புகை வந்தது. இராஜநாயகம் தவிர வீட்டில் எல்லாருக்கும் அதன் புகை கிடைத்தது, பிள்ளையாருக்கும் கிடைத்தது. வாய் வைக்கிற மேல்துண்டை அவர் தன்னுடைய கப்பல் உடுப்புப் பையின் அடியில், ஒற்றைக் காலுறைக்குள் வைத்திருந்தார்.

இனிப் பற்றரி.

முதலில் போனது சந்தைக் கோடியில் நிலத்தில் துணி விரித்துச் சாமான் விற்கிற ஒருவனிடம். பற்றரி ஒன்றை எடுத்து நீட்டினான். சிவப்பு நிறம், மேலே தீச்சுவாலைப் படம், உடம்பில் கொள்ளளவு ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரம் என்று தடித்த எழுத்து. இராஜநாயகம் பெரிய இலக்கத்துக்கு மரியாதை கொடுக்கிற மனிசர். வாங்கிக்கொண்டு கப்பலுக்கு ஓடினார். ஃப்ரான்சுவா உள்ளங்கையில் வைத்து ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"பாரமே இல்லை. இந்த அளவுப் பற்றரிக்குள் இதில் பாதி கூட அடங்காது. எழுதினவனுக்கு மை கூடிப்போயிற்று. குப்பையிலும் போடாதே, பற்றரி எறிகிற பெட்டிக்குள் போடு."

இரண்டாவது, கப்பலில் யாரோ விட்டுப்போன உடைந்த மடிக்கணினி. அதைப் பிரித்தால் உள்ளே வரிசையாகப் பற்றரி! இராஜநாயகத்துக்குப் புதையல் கண்ட சந்தோசம். ஃப்ரான்சுவா தலையில் கை வைத்தார்.

"இது மெல்ல மெல்லக் கொடுத்துப் பழகின பற்றரி. உன்னுடைய குழாய் ஒரே இழுப்பில் முழுவதையும் கேட்கும். கேட்டால் சூடேறிச் செத்துப்போகும். போகும்போது உன்னையும் கூட்டிக்கொண்டு போகும். இராஜா, கெஞ்சிக் கேட்கிறேன், லிபெர்த்தாவில் சப்ரினா என்றொரு பெண் கடை வைத்திருக்கிறாள். அவளிடம் போ. அவள் பொய் சொல்லமாட்டாள்."

சொல்லிவிட்டு ஃப்ரான்சுவா அடுத்த கிழமை லீவில் மொறீசியஸுக்குப் பறந்துவிட்டார். புரட்டாசிக்குத்தான் திரும்புவார்.

சப்ரினாவுக்கு நாற்பது வயதிருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு மேல் தூக்கி வைத்துக்கொண்டு, வக்கீல் மாதிரிக் கேள்வி கேட்டாள். குழாய் எப்படிப்பட்டது, சுருளின் தடை எவ்வளவு, எத்தனை வருசம் சிகரெட் குடித்தீர்கள், இப்போது குடிக்கிறீர்களா.

"இல்லை. விட்டு அரை வருசம் ஆகப்போகிறது," என்றார் இராஜநாயகம் பெருமையோடு.

"பிறகு ஏன் இது?"

இராஜநாயகம் குனிந்து, கண்ணாடி அலுமாரிக்குள் இருந்த பற்றரிகளை எண்ணத் தொடங்கினார்.

சப்ரினா பற்றரியைப் பற்றிச் சொன்னாள். "பெரிய இலக்கத்தைப் பார்க்காதீர்கள். எவ்வளவு கொள்ளும் என்பது இரண்டாவது. நிறுத்தாமல் இழுத்தாலும் எத்தனை ஆம்பியர் தாங்கும் என்பதுதான் முதலாவது. உங்கள் சுருள் கேட்பதைப்போல் இரண்டு மடங்கு தாங்குவதாக எடுக்கவேண்டும். மேல்தோல் ஒரு இடத்தில் கிழிந்தாலும் தொடக்கூடாது. திறப்புக் கொத்தும் சில்லறையும் கிடக்கிற பொக்கெற்றில் போடவே கூடாது. சார்ஜில் போட்டுவிட்டு நித்திரைக்குப் போகக்கூடாது. உங்கள் பெயர் என்ன?"

"இராஜநாயகம்."

"இராஜநாயகம்," என்று ஒரு எழுத்துப் பிசகாமல் திருப்பிச் சொன்னாள் சப்ரினா. பதினெட்டு வருசத்தில் எந்த இத்தாலியனும் அவருடைய பெயரை முழுதாகச் சொன்னது கிடையாது. கப்பலில் அவர் வெறும் ராஜா. இராஜநாயகத்துக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. என்ன படித்த பெண் என்று நினைத்துக்கொண்டார்.

"நல்ல பற்றரி வியாழக்கிழமைதான் வரும். வியாழன் வாருங்கள்," என்றாள்.

வியாழன் போனார். சாம்பல் நிறத்தில், படம் கிடம் ஒன்றுமில்லாமல், அடக்கமான பற்றரி ஒன்று. கையில் வைத்தால் பாரம். சப்ரினா அவருடைய கண்ணுக்கு முன்னாலேயே அதைக் கறுப்பு நிறப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடினாள். பிறகு, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு சொன்னாள்:

"கடைசியாக ஒன்று. இது முக்கியம். மூளையில்லாத குழாய்க்குப் போடுகிற புதுப் பற்றரி நாற்பத்தெட்டு நாள் ஓய்வாக இருக்கவேண்டும். இருட்டில், அசையாமல். பெட்டியைத் திறக்கவும் கூடாது. நாற்பத்தெட்டு நாள் முடிந்த பிறகு வாருங்கள், சார்ஜர் தருகிறேன்."

வேறு யாராவது என்றால், அதென்ன நாற்பத்தெட்டு, ஏன் ஐம்பது இல்லை என்று கேட்டிருப்பார்கள். இராஜநாயகத்துக்கு அந்தச் சந்தேகம் வரவேயில்லை. அவர் பிறந்ததிலிருந்து நாற்பத்தெட்டு நாள் என்றால் ஒரு மண்டலம். கும்பாபிஷேகம் என்றால் மண்டலம், மருந்து என்றால் மண்டலம், விரதம் என்றால் மண்டலம். பற்றரிக்கு மட்டும் ஏன் வேறு கணக்கு இருக்கவேண்டும்? உலகத்து விஞ்ஞானமெல்லாம் சுற்றிச் சுற்றி எங்களுடைய இடத்துக்குத்தானே வருகிறது என்று லிபெர்த்தா வீதி முழுக்கப் பெருமைப்பட்டுக்கொண்டு நடந்தார். விரலை மடித்துக் கணக்குப் பார்த்தார். மண்டலம் முடிகிற நாள் செப்டெம்பர் நாலு. ரொசாலியா அம்மாவின் நாள். அம்மாவே சம்மதம் தந்துவிட்டா என்று எடுத்துக்கொண்டார்.

பெட்டி சாமித்தட்டில், சரஸ்வதி படத்துக்குப் பின்னால் போனது. இருட்டு, அசைவில்லை, பக்கத்தில் தெய்வத்துணை.

மண்டலம் தொடங்கியது. பழக்கதோசம் என்ன செய்யும் என்று கேட்டால், இதைத்தான் செய்யும்: இரண்டாம் நாள் இராஜநாயகம் மீன், இறைச்சி என்று ஒரு மச்சமும் வேண்டாம் என்றுவிட்டார். மண்டலம் என்றால் மண்டலம்தானே; பற்றரி அங்கே விரதம் இருக்கும்போது இங்கே நண்டுக்குழம்பு சாப்பிட அவருக்கு மனம் வரவில்லை. கீழே சந்தையில் வாள்மீனை வெட்டி வெட்டிக் குவித்தார்கள். இராஜநாயகம் பூசணிக்காயைப் பார்த்துக்கொண்டு போனார்.

"ஏன் மச்சம் வேண்டாம்?" என்றாள் குகனேஸ்வரி.

"சும்மா. உடம்புக்கு."

"விரதமோ?"

"விரதமெண்டு இல்லை."

"எவ்வளவு நாளைக்கு?"

"அது... கொஞ்ச நாளைக்கு."

நாற்பத்தெட்டு என்ற சொல் வாயில் வந்தது. விழுங்கிவிட்டார். அந்த இலக்கத்தை மட்டும் உயிர் போனாலும் இவளிடம் சொல்லக்கூடாது என்று வைத்திருந்தார்.

காலையும் மாலையும் சாமித்தட்டுக்கு முன்னால் நின்றார். முன்பெல்லாம் கோயில் மணி அடித்தாலும் எழும்பாத மனிசர், இப்போது விபூதியை மூன்று குறியாகப் பூசிக்கொண்டு, குழாயையும் படத்தின் பின்பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்துக் கண்கலங்கினார். கோயிலில் ஆட்கள் குகனேஸ்வரியிடம், "உங்கடையவருக்கு நல்ல பக்தி வந்திட்டுது" என்றார்கள். அவள், "ஓம், பத்திக்கொண்டு வந்திட்டுது" என்றாள்.

ஆடிக் கடைசியில் ஒருநாள் பின்னேரம், அவள் தேத்தண்ணியோடு வந்து இருந்தாள்.

"இஞ்சேருங்கோ, பற்றரியைப் பற்றி ஏதும் தெரியுமோ உங்களுக்கு?"

இராஜநாயகத்துக்குத் தேத்தண்ணி புரையேறியது. "எந்தப் பற்றரி? என்னத்துக்குப் பற்றரி? ஆர் சொன்னது பற்றரி எண்டு?"

"என்ரை டோர்ச்சுக்கு. அம்மாவின்ரை மலைக்கு இருட்டோடை ஏறேக்கை தலையிலை போடுறது. சார்ஜ் பண்ணுற பற்றரி."

உயிர் வந்தது. உயிரோடு கூடவே தலைக்கனமும் வந்தது. "அப்பிடிக் கேளும். கண்டபாட்டுக்கு வாங்கக்கூடாது. பெரிய இலக்கம் எழுதியிருந்தா அது பொய். ஆம்பியர் பாக்கோணும். தோல் கிழிஞ்சிருந்தா தொடக்கூடாது. சில்லறையோடை போடக்கூடாது."

"அட! உதெல்லாம் எப்பிடித் தெரியும்?"

"கப்பலிலை கதைக்கிறவை."

"பிழையான பற்றரி எண்டா என்ன செய்யும்?"

"வெடிக்கும்."

"மெய்யாவோ?"

"மெய்யா. முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனா முகமே போயிடும்," என்றார் இராஜநாயகம், பயமுறுத்துகிற சுகத்தில்.

குகனேஸ்வரி ஒரு நிமிசம் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கண் கொஞ்சம் நனைந்த மாதிரித் தெரிந்தது. பிறகு கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினாள்.

"எனக்கு நல்ல பற்றரி கிடைச்சிட்டுது. சின்யோராவின்ரை மகள் நல்லதாப் பாத்து ஒண்டு தந்தவ."

"ஓம், ஓம்," என்றார் இராஜநாயகம்.

நாட்கள் ஊர்ந்தன. ஆவணிச் சூடு பலேர்மோவை வறுத்தெடுத்தது. இராஜநாயகம் ஒருநாள் கூடப் பெட்டியைத் திறக்கவில்லை. எடுத்து லேசாக அசைத்துப் பார்ப்பார், உள்ளே ஏதோ கிடக்கும், திரும்ப வைத்துவிடுவார். இதற்கிடையில் அவர் கவனிக்காத ஒன்று நடந்தது. முன்பெல்லாம் இரண்டாம் மாடிப் படியில் நின்று மூச்சு வாங்கி, இருமி, பிறகுதான் மேலே வருவார். இப்போது காலடி நிற்காமல் ஏறி வந்தது. அதைக் கதவுக்கு இந்தப்பக்கம் நின்று குகனேஸ்வரி கேட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு நாளும் கேட்டாள்.

செப்டெம்பர் நாலு விடியப்போகிற நேரம், பலேர்மோவில் பாதிப்பேர் மலையில் ஏறிக்கொண்டிருந்தார்கள். இராஜநாயகமும் வெறுங்காலோடு ஏறினார். கையில் பித்தளைக் குழாய். அம்மாவுக்கு ஊதுபத்தி குத்தவேண்டும் என்று சாட்டுச் சொல்லிச் சாமித்தட்டிலிருந்து தூக்கி வந்திருந்தார். ஒரு பொக்கெற்றில் கறுப்புப் பெட்டி. மற்றதில் காலுறையோடு மேல்துண்டும், மாம்பழச் சாறு ஊறிய பஞ்சும். கடையில் புதுப் பற்றரி பாதிச் சார்ஜோடுதான் வரும் என்று ஃப்ரான்சுவா எப்போதோ சொல்லியிருந்தார். சார்ஜரை நாளைக்கு வாங்கலாம். முதல் இழுப்பு இன்றைக்கு, மலை உச்சியில், கடலைப் பார்த்துக்கொண்டு.

முன்னால் குகனேஸ்வரியின் தலையில் டோர்ச் எரிந்தது. கல்லும் கட்டியும் தெளிவாகத் தெரிந்தன.

"நல்ல வெளிச்சம்," என்றார் இராஜநாயகம், உபசாரத்துக்கு.

"நல்ல பற்றரி," என்றாள் குகனேஸ்வரி.

உச்சிக்கு வந்ததும், "கால் கழுவிக்கொண்டு வாறன்" என்று சொல்லிவிட்டுக் கோயில் மதிலுக்குப் பின்னால் ஓடினார். கீழே கடல் வெளுத்துக்கொண்டு வந்தது. குழாயின் குங்குமத்தைச் சட்டை நுனியால் துடைத்து, மன்னிப்புக் கேட்டு, மேல்துண்டைப் பூட்டினார். அடி மூடியைக் கழற்றினார். பெட்டியைத் திறந்தார்.

உள்ளே மஞ்சள்.

மஞ்சள் நிறப் பற்றரி என்று முதலில் நினைத்தார். தொட்டால் சொரசொரவென்றிருந்தது. மூக்கில் வைத்தார். கறி மஞ்சள். நல்ல தடித்த, நீளமான, பற்றரி அளவுக்குப் பார்த்துத் தெரிந்தெடுத்த விரலி மஞ்சள். அதற்கும் ஒரு சின்னக் குங்குமப் பொட்டு.

அந்த நேரம் அவருடைய முகத்தில் வெளிச்சம் அடித்தது. டோர்ச் வெளிச்சம். நல்ல வெளிச்சம்.

"மண்டலம் முடிஞ்சுதோ?" என்று கேட்டது வெளிச்சத்துக்குப் பின்னால் இருந்து குகனேஸ்வரியின் குரல்.

"எந்த மண்..." என்று தொடங்கினார் இராஜநாயகம். நிறுத்தினார். நாற்பத்தெட்டு என்று இவளிடம் அவர் சொன்னதேயில்லை. "குகனேஸ், என்ரை பற்றரி?"

"என்ரை தலையிலை எரியுது. பெட்டி வீட்டை வந்த அண்டைக்கே எடுத்திட்டன். ஒளிக்கிறதுக்கு வீட்டிலை வேறை இடமே கிடைக்கேல்லையோ? நான் ஒவ்வொரு நாளும் துடைக்கிற ஒரே இடம் சாமித்தட்டு."

"அப்ப அந்த நாப்பத்தெட்டு நாள்..."

"நான்தான் சொல்லச் சொன்னனான். கடையிலை உங்கடை பேரைக் கேட்ட அண்டைக்கே அந்தப் பிள்ளை எனக்கு வந்து சொல்லிப்போட்டா. அந்தப் பிள்ளை முதலிலை மாட்டன் எண்டவ, கடைக்குக் கூடாத பேர் எண்டு. பிறகு உங்கடை இருமலைச் சொன்னனான். ஓமெண்டிட்டா. மற்றதெல்லாம் அவ சொன்னது உண்மை. ஆம்பியரும் உண்மை, சில்லறையும் உண்மை. பற்றரியும் நல்லதாத்தான் தா எண்டு சொன்னனான். மனிசன் என்னை ஏமாத்தி வாயிலை வைச்சாலும், முகம் போகக்கூடாதெல்லோ."

இராஜநாயகத்துக்கு வெட்கமாகவும் இருந்தது, இவள் தன்னை இவ்வளவு விரும்புகிறாளே என்று சந்தோசமாகவும் இருந்தது. இரண்டையும் ஒரே முகத்தில் வைத்திருக்கத் தெரியாமல் தவித்தார்.

குகனேஸ்வரி குழாயை வாங்கினாள். மேல்துண்டைக் கழற்றிக் காலுறைக்குள் போட்டு, காலுறையைத் தன்னுடைய கைப்பைக்குள் போட்டு, பையின் சிப்பை இழுத்தாள். குழாய்க்குள் இரண்டு ஊதுபத்தியைக் குத்தினாள்.

"மலை முழுக்க ஏறினியள். ஒரு இடத்திலையும் நிக்கேல்லை, ஒருக்காலும் இருமேல்லை. அதையாவது கவனிச்சனீங்களோ?"

கவனிக்கவில்லை. இப்போதுதான் மூச்சை இழுத்துப் பார்த்தார். அடி வரைக்கும் போயிற்று. ஆனால் அதை ஒப்புக்கொள்கிற நிலையில் அவர் இல்லை. தோற்றவனுக்கு மிஞ்சியது ஒரு கேள்வி மட்டும்தான்.

"அது கிடக்கட்டும். உந்தச் சப்ரினாவை உமக்கு எப்பிடித் தெரியும்?"

குகனேஸ்வரி டோர்ச்சை நூர்த்தாள். விடிந்திருந்தது.

"சின்யோராவின்ரை மகளப்பா! ஆறு வருசமா ஒவ்வொரு நாளும் பின்னேரம் உங்களுக்கு அந்தப் பிள்ளையின்ரை கதையும் அவவின்ரை கடைக் கதையும்தானே சொல்லிக்கொண்டிருக்கிறன். நீங்கள் கேக்கிறனீங்கள்தானே?"

இராஜநாயகம் கையிலிருந்த மஞ்சளைப் பார்த்தார்.

"ஓம், ஓம்," என்றார்.